மில்லகஸ்கந்த ஏற்றத்தில் நின்ற மணமகள் கார்

முழுப் பெயர் ஹேரத் முதியன்சலாகே குலதுங்க. வயது ஐம்பத்தெட்டு. சமயம் பௌத்தம். வசிப்பிடம் விகாரை வீதி, பட்டபொலவத்த. தொழில், கலியாணங்களுக்குச் சொந்தக் காரை அலங்கரித்து ஓட்டிச் செல்வது. கார் வெள்ளை நிற மொரிஸ் மைனர், இரண்டு கதவு, என்னைவிட வயதில் மூத்தது. இதே பொலிஸ் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இது நானாக வந்து கொடுக்கும் இரண்டாவது. யாரும் என்னை அழைக்கவில்லை, அதட்டவில்லை, பால் இல்லாத ஒரு பிளேன்டீ மட்டும் கொடுத்தார்கள்.

கல்பிஹில்லையில் வசிக்கும் திரு. எக்கநாயக்க, ஊரில் எல்லோரும் மரியாதையாக மாத்தயா என்று கூப்பிடுபவர், என் மீது கொடுத்த முறைப்பாட்டில், தன் தங்கை மகள் உதாரியின் கலியாணத்தன்று நான் அந்தப் பெண்ணோடு சேர்ந்து சதி செய்து, காரை வேண்டுமென்றே வழியில் நிறுத்தி, சுபநேரம் தவறும்படி செய்து கலியாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்றும், அவருக்கு மின்சாரம் பாய்ச்சினேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் அன்று கொடுத்த வாக்குமூலத்தில், எஞ்சினில் தண்ணீர் போனது, அதனால் நின்றது, வழியில் சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னேன். அதன் பின்னர் மோட்டார் பரிசோதகர் இந்த நிலையத்தின் முற்றத்தில் நிற்கும் என் காரைத் திறந்து பார்த்து, ரோட்டர் என்ற சிறிய பாகம் எஞ்சினில் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதன் பின்னர் நேற்று சார்ஜன்ட் வீரக்கோன் என் வீட்டுப் பக்கமாக வந்தபோது கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார். "குலே, உங்க தலை தப்பிச்சுது. அந்தப் பிள்ளையே ஸ்டேசனுக்கு வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. எஞ்சின்ல இருந்து சாமானைக் கழட்டி தேயிலைக்குள்ள எறிஞ்சது தான்தானாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம். வந்து ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு காரை எடுத்துட்டுப் போங்க."

நான் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். எக்கநாயக்க மாத்தயா அவளுக்கு இரண்டு வழி வைத்திருப்பதாக சார்ஜன்ட் சொன்னார். ஒன்று, அதே மாப்பிள்ளைக்கு வேறொரு சுபநேரம் பார்த்து அவள் மறுபேச்சில்லாமல் மணமேடையில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அவள் தன் வாயால் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளை, அரசாங்க வேலை. வழக்கென்று வந்தால் அந்த வேலையும் ஆட்டம் காணும். இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். எழுதுபவர் எதையும் சுருக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலியாணத்தன்று காலை நான் எக்கநாயக்க மாத்தயாவின் வீட்டுக்குக் காரைக் கொண்டு போனேன். மணமகள் அங்கிருந்து ஹோட்டலுக்குப் போய், பத்து நாற்பத்திரண்டுக்கு மணமேடையில் ஏற வேண்டும். அந்த நேரம் தவறினால் அந்த மாதத்தில் இருவர் ஜாதகத்துக்கும் ஒத்துவரும் நேரம் வேறு இல்லை என்று வாசலிலேயே என்னிடம் சொன்னார்கள். மலையில் காலைப் பனி இறங்கியிருந்ததால் எஞ்சின் கொஞ்சம் செருமியது. எக்கநாயக்க மாத்தயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"என்ன பாஸ், வண்டி இருமுது? கசாயம் ஏதும் குடுக்கணுமா?" என்றார்.

"பனி மாத்தயா. சூடேறினா சரியாயிடும்" என்றேன்.

அதன் பின்னர் என்னைப் பாற்சோறு சாப்பிட உள்ளே கூப்பிட்டார்கள். கலியாண வீட்டில் பாற்சோற்றை மறுக்கக் கூடாது, போனேன். திரும்பி வந்தபோது காரின் முன்மூடி திறந்திருந்தது. எக்கநாயக்க மாத்தயா பித்தளைச் செம்போடு நின்றிருந்தார். வீட்டில் பிக்குமார் காப்பாகப் பிரித் ஓதிய நீரில் மஞ்சளைக் கலந்து கொண்டு வந்திருக்கிறார். வெற்றிலையால் நாலு துளி தெளிப்பதுதான் வழக்கம். புதுக் காருக்கும், நீண்ட பயணம் போகும் காருக்கும் எல்லோரும் தெளிப்பார்கள், நானும் தெளிப்பேன். இவர் தெளிக்கவில்லை, ஊற்றியிருந்தார். எஞ்சின் மேல்மூடியிலிருந்து மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது.

"இனி எந்தத் தோசமும் அண்டாது பாஸ். இருமலும் நிக்கும்" என்றார்.

அந்த நீரில் ஒரு குற்றமும் இல்லை. அது தலைக்குத் தெளிக்க வேண்டியது, எஞ்சினில் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இல்லை. ஆனால் கலியாணக் காலையில், ஊரே வெற்றிலையோடு நிற்கும்போது, பிரித் நீரை ஊற்றிய பெரிய மனிதரிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? கும்பிட்டுவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கந்தைத் துணியால் மேலோட்டமாகத் துடைத்து மூடியைச் சாத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கிளம்பும் நேரம் வந்துவிட்டது, எல்லோரும் "ஏறு, ஏறு" என்று பறந்தார்கள்.

அதன் பின்னர் மணமகளை அழைத்து வந்தார்கள். இரண்டு கதவுக் காரில் முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏறவும் இறங்கவும் முடியும். கண்டி முறையில் கட்டிய ஒசரிச் சேலை, கழுத்து நிறைய மாலைகள், நெற்றிப் பட்டம் எல்லாவற்றோடும் அவளைக் குனிய வைத்து உள்ளே தள்ளினார்கள். பட்டம் கூரையில் இடித்ததால் அவள் தலையைச் சாய்த்தபடியேதான் இருக்க முடிந்தது. பக்கத்தில் மாமி, அதாவது எக்கநாயக்க மாத்தயாவின் மனைவி. சீட்டை நிமிர்த்தி அதில் எக்கநாயக்க மாத்தயா உட்கார்ந்தார். அவர் இறங்காமல் பின்னாலிருந்து யாரும் இறங்க முடியாது. உட்கார்ந்தவுடன் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கிளம்பின வண்டி திரும்பக் கூடாது. ஹோட்டல் வாசல் வரைக்கும் பொண்ணோட கால் தரையில படக் கூடாது. இந்த ரெண்டும் எங்க பரம்பரை வழக்கம், நெனவிருக்கட்டும்." இந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளவும். பிறகு தேவைப்படும்.

நான் நிறையப் பெண்களைக் கொண்டு போய் விட்டிருக்கிறேன். கண்ணாடியில் பார்ப்பேன், ஓட்டுபவன் பின்னால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அழுகிற பெண்கள் உண்டு, வாய் ஓயாத பெண்கள் உண்டு, ஒருத்தி ஹோட்டல் வரை குறட்டை விட்டுத் தூங்கினாள். இவள் அழவில்லை. பக்கவாட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் கதவும் இல்லை, கைப்பிடியும் இல்லை என்று தெரிந்த பிறகும் தடவினாள்.

அதன் பின்னர் பெரிய வீதியில் மண் சரிந்து ஒரு பக்கம் மூடியிருப்பதாகவும் வாகனங்கள் வரிசையாக நிற்பதாகவும் போன் வந்தது. மற்றவர்களின் வான்கள் எங்களுக்கு முன்னமே போய்விட்டன. எக்கநாயக்க மாத்தயா தோட்டத்து வழியாக மில்லகஸ்கந்த ஏற்றத்தில் போகச் சொன்னார். நான் அது கடும் ஏற்றம் என்றேன்.

"தண்ணி தெளிச்சாச்சே, இன்னும் என்ன பயம்?" என்றார்.

ஏற்றத்தில் திரும்பியதும் அந்தப் பெண் முதல் தடவையாகப் பேசினாள். "மாமா, நான் மூணு தரம் சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

"வேணாம்னு."

"கலியாணத்தன்னைக்கு எல்லாப் பிள்ளைகளும் சொல்றதுதான்." அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. "உங்கப்பன் செத்த நாள்ல இருந்து என் வீட்டுச் சோறு. உனக்கு நல்லது எது கெட்டது எதுன்னு எனக்குத் தெரியாதா? ஜப்பான்ல கார் யாவாரம் பண்ற மாப்பிள்ளை வலிய வந்து கேக்குறான். நீ போன்ல அவன் முகத்தைப் பாத்துச் சிரிக்கவே மாட்டேங்குற."

மாமி மெதுவாகச் சொன்னார். "முகத்தை அப்பிடி வெச்சுக்காத மகள். போட்டோல விழும்."

இதற்குப் பிறகுதான் எஞ்சின் மிஸ் பண்ணத் தொடங்கியது. இதை நன்றாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இடம் வரை எனக்கு எந்தச் சூதும் இல்லை. எஞ்சின் சூடேறியதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் போயிருந்த நீர் ஆவியாகி உள்ளேயே ஒட்டியிருக்கிறது. முதலில் நொண்டிக் காலோடு நடப்பவன் போல ஓடியது, நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்று காலுக்கடியிலேயே தெரிந்தது. அதன் பின்னர் புகைக் குழாயில் டப், டப் என்று வெடித்தது. அதன் பின்னர் இரண்டாவது வளைவுக்கு மேலே மொத்தமாக நின்றது. கைப் பிரேக்கை இழுத்து, இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் கல்சுவர். போனில் சிக்னல் இல்லை.

நான் பார்த்த வரிசை இது. சாவியைப் போட்டதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நின்றது, அதனால் பெற்றோலில் குறையில்லை. அதன் பின்னர் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்புக்கு அருகில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல நீலப் பொறி பறந்தால் காயிலும் பாயின்டும் நல்லது, கோளாறு அதற்கு அப்பால். இதற்கு ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். எக்கநாயக்க மாத்தயா இறங்கி என் தோளுக்கு மேல் குனிந்து நின்றார். மாமிக்குச் சாவி எட்டாது. அந்தப் பெண் இரண்டு சீட்டுக்கும் நடுவால் கையை நீட்டி, "நான் திருப்பவா அங்கிள்?" என்றாள்.

"திருப்புங்க மகள், நான் சொன்னதும்" என்றேன்.

பொறி நன்றாகப் பறந்தது. "எதுல இருந்து வருது? இதுலயா?" என்று கேட்டபடி எக்கநாயக்க மாத்தயா விரலை நீட்டினார். நான் "தொடாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தொட்டுவிட்டார். முன்மூடியில் தலையை இடித்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் குதித்தார். முறைப்பாட்டில் மின்சாரம் பாய்ச்சியது என்று இருப்பது இதுதான். நான் பாய்ச்சவில்லை, அவர் போய் வாங்கிக்கொண்டார். காருக்குள் அந்தப் பெண் சிரித்தாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மாமியும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அது அவருக்குக் கேட்டுவிட்டது. "இந்த இரும்புப் பெட்டியை நம்பி வந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று கத்தினார். அதன் பின்னர் மேலே சந்தியில் த்ரீவீலர் கிடைக்கும், கொண்டு வருகிறேன் என்று சொல்லி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார். போகும்போது என்னிடம், "நான் வர்றதுக்குள்ள சரியாக்கி வைங்க. இல்லேன்னா இந்த மாவட்டத்துல உங்க காரை எந்த வீட்டு வாசல்லயும் ஏத்த விட மாட்டேன்" என்றார். அவர் சொன்னால் செய்யக் கூடியவர். எனக்கும் பயம் பிடித்தது.

அதனால் அவசரமாக வேலையைப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் தள்ளித் திறந்தேன். உள்ளே மஞ்சள் நீர் பாசி போலப் படிந்திருந்தது. இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே தலைமயிர் அளவில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது, கரண்ட் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியாகக் குறுக்கே ஓடியிருக்கிறது. இதுதான் நோய், வேறு ஒன்றும் இல்லை. காய்ந்த துணி வேண்டியிருந்தது. என் கந்தைத் துணி காலையிலேயே ஈரமாகிவிட்டது. கேட்டபோது அந்தப் பெண் இடுப்பிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மாமி தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தார். ஊசியால் கறுப்புக் கோட்டைச் சுரண்டி, கைக்குட்டையால் துடைத்து, ஊதிக் காய வைத்தேன்.

நான் ஜன்னலுக்கு நேராக நின்றுதான் துடைத்தேன். அவள் தலையைச் சாய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாயிடுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"சரியாயிடுச்சு மகள். மூடியைப் போட்டா ஒரே அடியில பத்தும். நேரத்துக்குக் கொண்டு போய் விட்டுடுவேன், பயப்படாதீங்க" என்றேன். அவளைத் தேற்றுவதாகத்தான் நினைத்துச் சொன்னேன். மடையன்.

அவள் நான் கையில் பிடித்திருந்த மூடியைப் பார்த்தாள். அதன் பின்னர், "சரியாகாம இருக்க முடியாதா?" என்று கேட்டாள்.

கெஞ்சவில்லை, அழவில்லை, காசு தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பற்றி விசாரிப்பது போலத்தான் கேட்டாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி மறுபக்கத்து ஜன்னலால் தேயிலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இந்தப் பக்கத்துக் காது சரியாக் கேக்காது டிரைவர் மாத்தயா. ரொம்ப நாளா அப்பிடித்தான்" என்றார். ஆகையால் அந்த அம்மாவை விசாரித்துப் பயனில்லை. அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன்.

அதன் பின்னர் நான் செய்தது. திறந்த முன்மூடியின் மறைவில் குனிந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்டின் தலையில் உட்கார்ந்திருக்கும் ரோட்டரை இரண்டு விரலால் மேலே இழுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் மூடியைப் பழையபடி பூட்டினேன். வெளியே பார்த்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ரோட்டர் இல்லாவிட்டால் எந்தச் சிலிண்டருக்கும் கரண்ட் போகாது, நாள் முழுக்கச் சாவியைத் திருப்பினாலும் பற்றாது. அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தேன், முழுக்க மஞ்சளாகியிருந்தது.

எக்கநாயக்க மாத்தயா ஒரு த்ரீவீலரோடு வந்து இறங்கினார். நான் அவர் முன்னாலேயே சாவியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பற்றவில்லை. "இல்ல மாத்தயா, தண்ணி உள்ள போயிருச்சு" என்றேன். இது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவர் என்னை விட்டுவிட்டு முன்சீட்டை மடக்கி, "எறங்கு, எறங்கு, நேரமாச்சு" என்று அவளை அவசரப்படுத்தினார்.

அவள் அசையவில்லை. "நீங்கதானே மாமா சொன்னீங்க, ஹோட்டல் வாசல் வரைக்கும் கால் தரையில படக் கூடாதுன்னு. பரம்பரை வழக்கம்னு சொன்னீங்களே" என்றாள்.

"தூக்கி வைக்கிறேன் வா."

"தொடாதீங்க."

இந்தச் சத்தத்தில் த்ரீவீலர்க்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, என்ன வேடிக்கை என்று பார்த்தார். எக்கநாயக்க மாத்தயா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், மாலையில் ஒன்று அறுந்து முத்துகள் காருக்குள் சிதறின. இப்போதும் காரைத் தேடினால் சீட்டுக்கடியில் இருக்கும். மாமி, "சகுனம் கெட்டுப் போச்சு, விடுங்க" என்று முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். காலையில் பெண்ணை உள்ளே அடைத்து வைக்க உதவிய அதே பின்சீட்டில் இப்போது எக்கநாயக்க மாத்தயாவின் பிடி எட்டவில்லை. வெளியே நின்று குனிந்துகொண்டு, திட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நேரத்தில் திட்டுவது நின்றது. வீதியோர மதகின் கட்டு மேல் போய் உட்கார்ந்துவிட்டார். நேரம் தவறிவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

அதன் பின்னர் தோட்டத்து டிராக்டரில் கயிறு கட்டி காரை இழுத்து வந்தார்கள். இழுக்கும்போதும் அவள் பின்சீட்டில்தான் இருந்தாள். அன்று மாலையே அவர் முறைப்பாடு கொடுத்தார், கார் இங்கே வந்தது, நான் முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். ரோட்டரைப் பற்றி அப்போது நான் வாயே திறக்கவில்லை. கார் பழையது, பழையதென்றால் எல்லோரும் நம்புவார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இனி, உதாரி என்ற பெண்ணின் வாக்குமூலம் ஏன் பொய் என்பதைச் சொல்கிறேன். சார்ஜன்ட் அதை இன்று எனக்கு வாசித்துக் காட்டினார். டிரைவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் தான் இறங்கி, எஞ்சினில் இருந்த வயர்கள் பூட்டிய கறுப்பு வட்டச் சாமானைக் கழற்றித் தேயிலைக்குள் எறிந்ததாகச் சொல்லியிருக்கிறாள். முதலாவது, நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை, அங்கே தண்ணீரே இல்லை. இரண்டாவது, வயர்கள் பூட்டிய கறுப்பு வட்டச் சாமான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அது இப்போதும் முற்றத்தில் நிற்கும் காரில் பத்திரமாக இருக்கிறது, பரிசோதகரே தொட்டுப் பார்த்திருக்கிறார். காணாமல் போனது வயரே இல்லாத, பெருவிரல் அளவான, பழுப்பு நிறச் சாமான். அதை அவள் கண்ணாலும் கண்டதில்லை. ஜன்னலால் அவளுக்குத் தெரிந்தது நான் துடைத்த மூடி மட்டும்தான். தனக்குத் தெரிந்த ஒரே சாமானின் பெயரில் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டிருக்கிறாள், பாவி.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எழுதுபவர் என்னைக் கேட்கிறார். பரிசோதகரின் அறிக்கை வந்த பிறகு நான் உள்ளே போய்விடுவேன் என்று பயந்திருப்பாள். என் காரை விடுவித்துக் கொடுக்க அவள் மறுபடியும் தப்ப வழியில்லாத ஒரு பின்சீட்டில் தானாகவே ஏறியிருக்கிறாள். இதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியாது. நான் அந்தக் காரில் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தானே இனியும் ஓட்ட வேண்டும்?

நான் ஏன் செய்தேன் என்றும் கேட்கிறார். அந்தப் பெண் எனக்கு உறவில்லை, அன்றைக்கு முன் அவளை நான் கண்டதில்லை. அவளுக்கு வேறு யாரையும் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. எத்தனையோ பெண்களை நேரத்துக்குக் கொண்டு போய் இறக்கிவிட்டிருக்கிறேன். எல்லோரும் என்னிடம் கேட்டது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று. போகாமல் இருக்க முடியுமா என்று இவள் ஒருத்திதான் கேட்டாள். முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் கேட்டாள், அவ்வளவுதான். கேட்பது குற்றமென்றால் அதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். கழற்றிய கை என்னுடையது. இதனால் என் மீது வழக்கு வரும் என்பதும், சுபநேரம் தவறவிட்ட காரை இனி யாரும் கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. நேற்றே இரண்டு வீட்டார் வேறு கார் பார்த்துக்கொண்டதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "போறதுன்னா நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். எக்கநாயக்க மாத்தயா நட்டத்தை என்னிடம் கேட்கட்டும். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை வைத்து அவளை மணமேடையில் ஏற்ற அவருக்கு இனி வழியில்லை, ஏனென்றால் அது பொய் என்பதற்கான சாட்சி என் சட்டைப் பையில் இருக்கிறது.

அதை இப்போது மேசை மேல் வைக்கிறேன். பழுப்பு நிற ரோட்டர் ஒன்று, மேலே பித்தளைத் தகடு, ஓரத்தில் மஞ்சள் கறை. சார்ஜன்ட் விரும்பினால் முற்றத்துக்கு வரலாம், மூடியைத் திறந்து நானே பூட்டிக் காட்டுகிறேன். இதைப் போட்டால் கார் ஒரே அடியில் பற்றும். அன்றைக்கும் பற்றியிருக்கும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாமியின் காதைப் பற்றிச் சொன்னதை மட்டும் அடித்துவிடலாமா என்று எழுதுபவர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இத்தனையும் உண்மை என்று அறிந்து, என் சொந்தப் புத்தியில், எவருடைய சொல்லுக்கும் கட்டுப்படாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹே. மு. குலதுங்க

என் முன்னிலையில் பதியப்பட்டது. ரோட்டர் ஒன்று பொறுப்பேற்கப்பட்டது. முற்றத்தில் பூட்டிப் பார்த்ததில் வாகனம் முதல் தடவையிலேயே இயங்கியது.

(ஒப்பம்) வீரக்கோன், பொலிஸ் சார்ஜன்ட்